போகும்போது மட்டும்

ஜோதியம்மாள் கையை உயர்த்தியதும் பதினொரு பிள்ளைகளும் நின்றார்கள். கைதட்டல் மட்டும் நிற்கவில்லை. ஒரே ஒரு தட்டு, கொஞ்சம் பிந்தி, வரிசையின் கடைசியில் கேட்டது.

யாருடா அது என்றாள். எல்லாம் திருதிருவென்று விழித்தன. வேலையைக் கெடுக்கவென்றே பிறந்ததுகள் என்று எரிச்சலோடு எல்லோரையும் கைகட்டி நிற்கச் சொல்லி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் நின்றவன் திம்மராயன். அவனுக்கும் அப்பால், வெறும் சுவரோரத்தில், மறுபடி ஒரு தட்டு. சின்னக் கை. ஈரக் கை.

சுவரில் பல்லி கூட இல்லை. அன்றைக்கு ஆட்டத்தை அத்தோடு முடித்துவிட்டாள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து அவள் இங்கே வந்து ஐந்து மாதம். புருஷன் செத்த பிறகு கிடைத்த பாலர் பள்ளி வேலை. நாலு வயது மகள் மங்கம்மாவை விட்டால் அவளுக்கென்று யாரும் கிடையாது. மூக்கண்டப்பள்ளியைத் தாண்டிய அந்தச் சிற்றூரில், பண்ணைக்காரர் நாராயணப்பன் ஒழித்துக் கொடுத்த கேழ்வரகுக் கிடங்குதான் பள்ளிக்கூடமும் வீடும். பிள்ளைகளில் பாதி தெலுங்கு, பாதி கன்னடம், தமிழ் புரிந்தது இரண்டோ மூன்றோ. பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. தாளத்துக்குப் பாஷை எதற்கு என்று அவள் ஆட்டத்தில் இறங்கினாள். தட்டு, நட, குதி, நில்.

மாசியில் ஊரில் அம்மை போட்டிருந்தது. இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் வைத்த முறத்தைத் தூக்கிக்கொண்டு, தப்பட்டை அடித்து அம்மனை எல்லைக்கு அனுப்பினார்கள். கிடங்கு வாசலில் நின்று ஜோதியம்மாள் அதைக் கேட்டாள். மூன்று வேகத் தட்டு, ஒரு நிறுத்தம், இரண்டு மெதுவான தட்டு. பிஞ்சுக் கால்களுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. மறுநாளே அதை ரயில் ஆட்டமாக்கிவிட்டாள். தட்டிக்கொண்டே எல்லைக்கல் வரை போவது, தட்டிக்கொண்டே திரும்பி வருவது. பிள்ளைகள் வேறு ஆட்டமே கேட்கவில்லை.

பள்ளியில் கஞ்சி காய்ச்சும் கெம்பம்மா, மகள் பிரசவத்துக்கு மைசூர்ப் பக்கம் போயிருந்தவள், சுவரோரத்தில் அந்தத் தட்டு கேட்டதற்கு மறுநாள்தான் திரும்பினாள். பிள்ளைகள் கல்லிலிருந்து தட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டாள்.

"டீச்சரம்மா, அத போறப்போ மட்டுந்தான் அடிப்பாங்க. வாரப்போ தப்பட்டைக்குத் துணி சுத்திக்கினு வாயத் தொறக்காம வருவாங்க. நீங்க எத்தினி நாளா இத அடிச்சுக் கூட்டிக்கினு வாரீங்க?"

இருபது நாளாக. ஜோதியம்மாள் அதைச் சொல்லவில்லை. உன் கதையெல்லாம் அடுப்படியோடு வைத்துக்கொள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. ஒரு வாரத்தில் கிடங்கைக் காலி செய்யும்படி நாராயணப்பன் ஆள் விட்டுச் சொன்னார். கிணற்றடியில் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார்கள். சனியன் பிடித்த ஊர் என்று வைதுகொண்டே வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

உள்ளே உச்சி வெயிலின் புழுக்கம், மூலையில் தேங்கிக் கிடந்த பழைய கேழ்வரகுத் தூசியின் நெடி, அதற்கும் மேலே, பக்கத்தில் ஒரு வேப்பமரம் கூட இல்லாத அந்த இடத்தில், அப்போதுதான் கசக்கிய வேப்பிலையின் கசந்த வாசனை. மங்கம்மா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கால்கள் தூங்கவில்லை. மூன்று வேகமாக. நிறுத்தம். இரண்டு மெதுவாக.

நெற்றி கொதித்தது. ஜோதியம்மாள் இரண்டு பாதங்களையும் இறுக்கிப் பிடித்தாள். பிடிக்குள்ளும் அவை அடித்துக்கொண்டன. வாசலில் ஒரு தட்டு. பிறகு தூணருகே. பிறகு பாயின் அந்தப் பக்கம், மகளின் தலைமாட்டில்.

அவளுடைய வீம்பெல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று. ஓடிப்போய்க் கெம்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கெம்பம்மாவுக்கு இரக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. கூட்டி வந்தவளே தட்டிக்கொண்டு போய்க் கல்லில் விட வேண்டும், விட்டுவிட்டு வாயைத் திறக்காமல் வர வேண்டும், பேசினால் கூடவே வந்துவிடும் என்றாள். அதுவரை பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பாயருகே உட்கார்ந்தாள்.

ஜோதியம்மாள் தட்டிக்கொண்டு நடந்தாள். கொள்ளுக்காட்டு வரப்பில் வெயில் சுட்டது. உள்ளங்கை எரிந்தது. பின்னால் காலடிகள். முதலில் ஒன்று. அப்புறம் ஒரு வரிசை. குதிக்க வேண்டிய இடத்தில் அவையும் குதித்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கல் வந்தது. கையை நிறுத்தினாள்.

காலடிகளும் நின்றன.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு திரும்பினாள். காற்று கூட இல்லை. ஒரு காடு கடந்தாள். இன்னொன்று. பின்னால் ஒன்றுமில்லை. கடவுளே, விட்டுப் போயிற்று. கிடங்கின் கூரை தெரிந்ததும் அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

அப்போது வாசலிலிருந்து மங்கம்மா ஓடி வந்தாள். தூங்கி எழுந்த முகம். காய்ச்சல் விட்ட சிரிப்பு. அம்மா தனியாக ரயில் விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. வரப்பின் தலையில் நின்று, சொல்லிக் கொடுத்தபடியே, பிசகாமல் தட்டினாள். மூன்று வேகமாக. நிறுத்தம். இரண்டு மெதுவாக. பிடிக்க வந்த கெம்பம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஜோதியம்மாள் கைகளை வீசி வீசிக் காட்டினாள். குழந்தை இன்னும் பலமாகத் தட்டியது. கல்லின் பக்கமிருந்து ஓட்டம். சின்னச் சின்னக் கால்கள். நெருங்கி. இன்னும் நெருங்கி.

வாயிலிருந்த முந்தானையைப் பிடுங்கினாள்.

"தட்டாத மங்கா! நிறுத்து!"

மங்கம்மா நிறுத்தினாள்.

காலடிகள் ஜோதியம்மாளின் சேலையை உரசிக்கொண்டு தாண்டிப் போயின.

குழந்தை இரண்டு கைகளையும் முன்னால் விரித்தபடி நின்றது. எதிரே யாரும் இல்லை. யாரோ எதிரில் நின்று அறைந்தது போல அந்தக் கைகள் பின்னால் அதிர்ந்தன. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் பிஞ்சு உள்ளங்கையில் ஒரு முத்து எழுந்தது, நீர் கோத்து, பளபளவென்று. மங்கம்மா சிரித்துக்கொண்டே எண்ணினாள்.