புதுசு கலையாத ஈரமுண்ணி

ஆறு மணிச் சுறா ஜன்னலைக் கடந்து போனதும் செங்கனி மகளின் முதுகில் காதை வைத்தாள். வங்கக் கடலில் எண்பது மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீலாங்குடியில் அவளுக்கு அப்படித்தான் பொழுது விடியும். ஆறு வயது சிப்பியின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று முனகியது.

"மறுபடி இழுக்குதுங்க" என்றாள் கணவனிடம்.

பொன்வேல் குளியலறைக்குப் போய்ப் பார்த்தான். போன வாரம் கை வலிக்கத் தேய்த்துக் கழுவிய மூலையில் கறுப்புப் பூஞ்சை திரும்ப வந்து குடியேறியிருந்தது. மூன்றாவது முறை. மூன்று முறை பூஞ்சை வந்த வீட்டில் இழுப்புள்ள குழந்தையை வைத்திருக்கக் கூடாது என்பது நீலாங்குடி விதி. கரையிலிருக்கும் விடுதிக்கு அனுப்பிவிட வேண்டும். பெற்றோர் வருடத்துக்கு இரண்டு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கடலடி வீட்டில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்க வழியில்லை. குளித்த ஈரம் அறைக்குள்ளேயே நிற்கும். அதைக் குடிப்பதற்காக வீட்டுக்கு ஓர் ஈரமுண்ணி கொடுத்திருந்தார்கள். பல்லிபோலச் சுவரில் ஒட்டிக்கொண்டு, உடம்பெங்கும் உள்ள துளைகளால் ஈரத்தை உறிஞ்சும். மிச்ச ஈரம் எவ்வளவு என்று நெற்றியில் எண் காட்டும். பொன்வேல் வீட்டு ஈரமுண்ணி ஒன்றரை வருடமாக ஒரே எண்ணைத்தான் காட்டியது. பூஜ்யம்.

பதினோரு மணிக்கு முதுநிலைப் பூஞ்சை ஆணையர் டாக்டர் ஞானவரதன் நீர்மூழ்கியில் வந்து இறங்கினார். பூஞ்சைக்காகப் பதினான்கு நாடுகளில் விருந்து சாப்பிட்டவர். குளியலறைச் சுவரைப் பார்க்கவில்லை, ஈரமுண்ணியின் எண்ணைப் பார்த்தார். கூரையிலிருந்து ஒரு சொட்டு அவர் வழுக்கையில் விழுந்தது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, "அறை நல்லா காய்ஞ்சிருக்கு" என்றார்.

"தொட்டா கை நனையுதே சார்" என்றாள் செங்கனி.

"கை சொல்றதெல்லாம் கணக்கில்லம்மா. கருவி சொல்லணும். ஈரமே இல்லாம வளருதுன்னா இது புது இனம். என் பேரையே வெக்கச் சொல்லுவாங்க, நான்தான் வேண்டாம்னு சொல்லிப் பார்க்கணும்."

"பேரு கெடக்கட்டும் சார். எம் பொண்ணு இங்க இருக்கலாமா?"

"புது இனம்னா கரைக்கு அனுப்பித்தான் ஆகணும்."

கரை என்ற சொல் சிப்பிக்குப் புரிந்தது. அழவில்லை. சுவரோரம் போய் நின்றுகொண்டு, கைக்கு எட்டிய ஈரமுண்ணியின் வாலை நகத்தால் சுரண்டினாள். கிர்ரென்று ஏதோ பிரிந்தது.

"பிய்க்காதடி, புதுசு" என்றார்கள் தாயும் தகப்பனும் ஒரே குரலில்.

மூன்று பேரும் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். தொழிற்சாலையில் ஒட்டிய கண்ணாடித்தாள் உறை தலை முதல் வால்வரை அப்படியே இருந்தது. ஈரமுண்ணி பொய் சொல்லவில்லை. உறைக்குள் அதற்குப் பாலைவனம்தான்.

"இதை ஏன் எடுக்கல?" என்றார் ஆணையர்.

பொன்வேல் தலையைக் குனிந்துகொண்டான். "பாப்பாவுக்காகக் குடுத்த மெஷின் சார். சோப்புத் தண்ணி பட்டுக் கெட்டுடக் கூடாதில்ல. அவ வளர்ற வரைக்கும் புதுசாவே இருக்கட்டும்னு, தினம் நான்தான் துடைச்சு வெக்கறேன்."

"எடுங்க."

"முழுசாவா சார்? ஓரமா கொஞ்சம் மட்டும்..."

செங்கனி அவனை நகர்த்திவிட்டு ஒரே இழுப்பில் உரித்தாள். ஈரமுண்ணி வாழ்க்கையில் முதல்முறையாக மூச்சு விட்டது. எண் தொண்ணூற்றேழுக்குத் தாவியது. பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. "கருவி மூடிக் கெடந்ததால இந்த மூணு தடவையும் கணக்கில்ல, பொண்ணு இங்கயே இருக்கட்டும்" என்றார் ஆணையர்.

நீர்மூழ்கியில் திரும்பும் வழியில் ஆணையர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னப்பா, முதுகெல்லாம் இப்படி வேர்க்குது?"

"சீட்டோட வந்த பிளாஸ்டிக் கவர் சார்" என்றான் ஓட்டுநர். "எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் நாலு வருஷம் முன்னாடி உத்தரவு போட்டீங்க."

கழுவிய மூலையில் பூஞ்சை திரும்பவில்லை. எட்டாம் நாள் ஆறு மணிச் சுறா போனதும் செங்கனி மகளின் முதுகில் காதை வைத்தாள். பூனைக்குட்டி போய்விட்டிருந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடியவள் திடுக்கிட்டாள். சிப்பி மூச்சு விடும்போதெல்லாம் சரசரவென்று ஒரு சத்தம்.

பதறிப்போய் மெத்தையின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் நான்காக மடித்த கண்ணாடித்தாள் உறை.

"நல்ல கவர்" என்றான் பொன்வேல், வேறெங்கோ பார்த்தபடி. "எதுக்காவது ஆகும்னு."

செங்கனி அவனை முறைத்தாள். பிறகு ஒரு முனை கசங்கியிருப்பதைப் பார்த்து, அதை நீவிவிட்டு, மகளுக்குச் சத்தம் கேட்காதபடி கால்மாட்டில் சொருகிவைத்தாள்.