சிவப்புத் தலைக் குண்டூசி

"அக்கா, உன் தம்பிதான். இருபத்திரண்டு வயசுத் தடியன். தையல் கூடத்துல, என் மிஷின் முன்னாடி உக்காந்திருக்கேன்" என்று போனிடம் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல போனே எழுதிக்கொண்டது; இன்னும் அனுப்பவில்லை.

சாப்பாட்டு நேரம். எல்லோரும் கீழே போய்விட்டார்கள். மிஷின் எண்ணெயும் புதுத்துணியின் கஞ்சியும் கலந்த வாசனை கூடம் முழுக்கத் தேங்கி நின்றது. எல்லா மிஷினும் அணைந்திருந்தும், எங்கோ ஒரு ஊசி துணியைக் குத்திக் குத்தி எடுக்கும் சத்தம், மெதுவாக, விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு, உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மடிப்பு வைக்கையில், போனில் அக்கா தன் மாமியார் மாதிரியே பேசிக் காட்டினாள். சிரித்துவிட்டான். சிவப்புத் தலைக் குண்டூசி ஒன்று தொண்டைக்குள் இறங்கிவிட்டது. தையல் சொல்லிக்கொடுத்து, ஊசியை உதட்டில் வைக்கப் பழக்கியவளும் அவள்தான். அவளிடம் எந்த வாயால் சொல்வது?

"தானாப் போயிடும்டா. நான் முழுங்காத ஊசியா?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

போகவில்லை. தொப்புளைச் சுற்றி வந்த வலி, வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே குடியேறியது. குடல்வாலில் ஊசி குத்தி நிற்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்று நேற்று டாக்டர் சொன்னார்.

"வீட்ல கேட்டுட்டு வரேன் சார்."

"கேளு. ஆனா வலி திடீர்னு நின்னா சந்தோஷப்படாதே தம்பி. உள்ள வெடிச்சிருக்கும்."

வீட்டில் கேட்கவே இல்லை.

உடம்பு கொதித்தது. ஒவ்வொரு மிஷினாகக் காதை வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தான். எதிலும் சத்தம் இல்லை. குனிந்தான். சத்தம் நெருங்கியது.

அப்போதுதான் வலி நின்றது.

மொத்தமாக.

எழப் பார்த்தான். வலது கால் நீளவில்லை. கூப்பிட்டான். குரல் பக்கத்து மிஷினைக்கூடத் தாண்டவில்லை.

சட்டையைத் தூக்கினான்.

தோலுக்கு அடியில் சிவப்பாக ஒரு மணி. எழுந்தது. அமுங்கியது. ஒரு நூல் அளவு தள்ளி, மறுபடி எழுந்தது. அது கடந்து வந்த வழியெல்லாம் சதை நேர்க்கோட்டில் சுருங்கி, மடிப்பு வைத்துத் தைத்ததுபோல் இழுத்து மூடியிருந்தது. அக்காவின் தையல். அதே நெருக்கம்.

அக்காவுக்குச் சொன்னதை அழித்தான். கூடத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, உதட்டருகே போனைப் பிடித்தான்.

"மூணாவது மாடிக்கு யாராவது வாங்க. நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சுன்னா, எங்க அக்காகிட்ட வேற எதை வேணா சொல்லுங்க. அவ சிரிக்க வெச்சப்பதான் முழுங்கினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."