முகத்தில் பூசிய எண்ணெய்

"இந்த டப்பாவில ஆரு கை வச்சது?"

ஷிஜாவின் குரல் படுக்கையறையிலிருந்து கிளம்பி நேராக அடுக்களையில் வந்து விழுந்தது. புட்டுக்குற்றியில் மாவு நிறைத்துக்கொண்டிருந்த லீலாபாயின் கை அப்படியே நின்றுபோனது.

விடிந்தால் ஞாயிறு. பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பெருங்கடவிளை என்று நாலு பக்கத்திலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து சேரப்போகிற வீடு. சிரிப்பும் பேச்சுமாக இருக்க வேண்டிய சனிக்கிழமைக் காலையில், கடவுளே, ஒரு கிரீம் டப்பாவா வந்து குறுக்கே நிற்க வேண்டும்!

டப்பாவும் கையுமாக மருமகள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மகன் சஜின், தோளில் குழந்தையோடு.

"மாமி, உள்ளதைச் சொல்லணும். இதில நீங்க கை வச்சியளா?"

"பிள்ளே... அது..."

"உண்டா இல்லியா?"

லீலாபாயின் தலை தானாகக் குனிந்தது. "உண்டு மக்களே. ஒரு விரல் நுனிக்கு... ஒரே ஒரு தடவை ஆக்கும். கழுத்தில..."

"கேட்டியளா உங்க அம்மைக்க கதைய!" ஷிஜா கணவன் பக்கம் திரும்பினாள். "பிரசவம் கழிஞ்சு எனக்க தோலு வெடிச்சதுக்கு டாக்டர் பாத்துத் தந்த மருந்து இது. மாமி, எங்கிட்ட கேட்டிருந்தா நான் தரமாட்டேண்ணா சொல்லியிருப்பேன்? ஒளிச்சு எடுக்கணுமா? பேரப்பிள்ளை எடுத்த பெறகு என்னத்துக்கு இந்த அழகு? மெலியணும்ணு ராத்திரி வெறும் கஞ்சி குடிச்சியள், மெலிஞ்சியள். இப்ப தோலு தொங்குதுண்ணு காலையிலயும் உச்சைக்கும் முகங்கழுவி எண்ணெய் தேப்பு! ஊருல என்ன பேசுதாவண்ணு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். தெரியாமல் என்ன? லீலாபாய் ஒரு காலத்தில் எப்படி இருந்தவள்! சபையில் பெண்கள் பெஞ்சில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்குத்தான் இடம் இருக்கும். போய்ச் சேர்ந்த கணவர் தேவகுமார், "எனக்க வீட்டில ரேஷன் குறையல்லேண்ணு இவளைப் பாத்தாலே தெரியும்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அந்த உடம்பு கரைந்துவிட்டது. சதை போனது, தோல் போகவில்லை. கன்னம் இரண்டும் தாடைக்குக் கீழே இறங்கி நின்றன. கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வியர்த்தால் அந்த மடிப்புக்குள் எரியும், சிவந்து புண்ணாகும். வெளியே போகும்போது எந்த வெயிலிலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி எடுத்துக்கொள்வாள். "சீக்கு ஏதோ இருக்கு, மறைக்கிறா" என்றார்கள் சிலர். "விதவைக்கு இப்பத்தான் ஆசை வந்திருக்கு" என்றார்கள் நாக்கில் நரம்பில்லாதவர்கள்.

குழந்தை ஒன்றுதான் அந்தக் கழுத்தைக் கண்டு முகம் சுளிக்காதது. பாட்டியின் தாடைக்குக் கீழே தொங்கும் தோலைப் பிஞ்சு விரலால் பிடித்துக்கொண்டுதான் அது தூங்கும்.

"நாளைக்கு எனக்க கிளினிக்கில உள்ளவங்க எல்லாரும் வருவாவ." ஷிஜாவின் குரல் இப்போது உடைந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு தோல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை அவளுக்கு. "டாக்டரும் வருவாவ. வீடியோ உண்டு. மாமி... நான் மறைக்காமச் சொல்லுதேன், எனக்கு நாணக்கேடா இருக்கு. கொச்சுப்பிள்ளையை எனக்க அம்மை ஏந்தட்டும்."

லீலாபாய் கையிலிருந்த புட்டுக்குற்றியைக் கீழே வைத்தாள்.

அவர்கள் சபையில் பரம்பரையாக ஒரு நடப்பு உண்டு. முதல் பெஞ்சிலிருந்து ஞானஸ்நானத் தொட்டி வரைக்கும் குழந்தையை ஏந்திப்போய்ப் பாதிரியார் அச்சன் கையில் கொடுக்கிறவள் அப்பனைப் பெற்றவள். அவள் உயிரோடிருக்கையில் வேறொருத்தி ஏந்தினால் ஊர் கேட்கும், ஏன் என்று கேட்கும். அந்தச் சில அடி தூரத்துக்காகத்தான் லீலாபாய் இத்தனை காலம் காத்திருந்தாள்.

அவள் மகனைப் பார்த்தாள். பெற்ற மகன்! ஒரு வார்த்தை சொல்லமாட்டானா!

சஜின் குழந்தையின் முதுகைத் தட்டினான், தரையைப் பார்த்தான். "அம்மா... வீட்டில விசேஷம். இப்ப ஒரு வழக்கு வேண்டாமே. நீங்க முன் பெஞ்சில இருந்தாப் போதும்..."

"இல்ல மக்கா," என்றாள் லீலாபாய். "நான் பின்னால இருக்கேன். எனக்கு அதாக்கும் சௌகரியம். ஷிஜாவுக்க அம்மை சாராம்மா ஏந்தட்டும். அவளும் அம்மச்சிதானே!"

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கண்ணீர் புட்டு மாவில் விழக்கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அவள் ஏன் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை? பேச வாய் இருந்தது. விஷயமும் இருந்தது. ஆனால் சொல்லக்கூடாத விஷயம் அது.

ஷிஜாவுக்கு இரண்டாவது கருவும் கலைந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் கிணற்றடியில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு கொச்சு தங்காதா மாமி? நான் என்ன பாவம் செய்தேன்?" என்று இவள் மடியில் விழுந்து அழுதாள். அந்த அழுகையை லீலாபாயால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே நேர்ந்துகொண்டாள். இந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்து அதற்கு ஞானஸ்நானம் ஆகும் வரைக்கும் உச்சிச் சோறு இல்லை. ராத்திரிக்கு ஒரு அகப்பைக் கஞ்சி, அவ்வளவுதான்.

உபவாசத்துக்கு ஒரு முறை உண்டு என்று ஓய்வுநாள் பள்ளியில் சின்ன வயதிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பட்டினி கிடக்கிறோம் என்று மனிதருக்குக் காட்டக்கூடாது. வாடிய முகத்தோடு நடக்கக்கூடாது. முகத்தைக் கழுவி, எண்ணெய் பூசிக்கொண்டு, சாப்பிட்டவள் மாதிரி இருக்க வேண்டும். சொல்லிக் காட்டினால் பலன் அங்கேயே தீர்ந்துபோகும். லீலாபாய் அதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போன வீட்டில், உச்சி வேளையில் தன் பங்குச் சோற்றையும் கறியையும் தூக்குப் பாத்திரத்தில் போட்டு, இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கும் பக்கத்து வீட்டு சுகிர்தபாய்க்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள்; துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். பிரசவத்துக்குப் பிறகு ஷிஜா வீட்டில் இருந்த நாட்களில், சுகிர்தபாயோடு இருந்து சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போவாள். திரும்பி வந்து முகம் கழுவி எண்ணெய் பூசுவாள். அந்த எண்ணெயைத்தான் ஊர் அழகுக்கு என்று சொன்னது. என்ன கொடுமை!

ஆனாலும் லீலாபாயின் நெஞ்சைக் குத்தியது வேறொன்று. கிரீம்! அது நேர்ச்சைக்குப் பூசியதல்ல. வியாழக்கிழமை வீடியோக்காரப் பையன் வீடு பார்க்க வந்தவன், "அம்மச்சி, கழுத்தைக் கொஞ்சம் மேலோட்டு தூக்குங்க, இல்லேண்ணா வீடியோவில நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டான். அவன் போனில் எடுத்துக் காட்டிய படத்தில் தன்னைப் பார்த்தாள். இந்த முகமா! பேரனை ஏந்திப் போகும்போது கொஞ்சமாவது நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசை வந்தது. வெறும் ஆசை. அந்த ஆசையில்தான் மருமகளின் டப்பாவைத் திறந்தாள். 'அழகுக்குத்தான் பூசினேன். அவள் சொன்னது பொய்யில்லையே! இத்தனை நாள் காத்த நேர்ச்சையைக் கடைசியில் நானே நாறடித்துவிட்டேனே...' என்று மாய்ந்துபோனாள். தண்டனை நியாயமானது என்றே அவளுக்குத் தோன்றியது.

மத்தியானம் நெய்யப்பம் சுட்டு எடுத்ததும், சபைக்கு வர முடியாதவர்களுக்குக் கொடுக்க ஷிஜா கிண்ணத்தில் எடுத்து வைத்தாள்.

"சுகிர்தபாய்க்கு நான் கொண்டு குடுத்திட்டு வாறேன்," என்று லீலாபாய் பதறிக்கொண்டு முன்னே வந்தாள்.

"வேண்டாம். கொச்சுக்க அம்மைதான் கொண்டு போணும். அதாக்கும் முறை," என்று ஷிஜா முகம் பாராமல் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

போனவள் திரும்பி வர நேரமாயிற்று. வந்தவளின் கண் சிவந்திருந்தது. மாமியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் பெருங்கடவிளையிலிருந்து சாராம்மாவும் ஆட்களும் வண்டியில் வந்து இறங்கிவிட்டார்கள். ஷிஜா விறுவிறு என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 'இன்னும் கோபம் தீரவில்லை' என்று நினைத்துக்கொண்டு லீலாபாய் வந்தவர்களுக்குக் காப்பி கலக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. லீலாபாய் கடைசிப் பெஞ்சில், தூணுக்குப் பின்னால். முக்காட்டைத் தாடை வரைக்கும் இழுத்துக் கழுத்தை மூடியிருந்தாள். உள்ளே வியர்த்து எரிந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்ன லீலாபாய், இங்க இருக்கிய?" என்று கேட்டார்கள். "காத்து வருது, அதாக்கும்," என்றாள். ஒரு காற்றும் வரவில்லை.

பாட்டு முடிந்தது. அச்சன் தொட்டியருகே வந்து நின்றார். "குழந்தையைக் கொண்டு வாங்க."

முதல் பெஞ்சில் சாராம்மா எழுந்தாள். வெள்ளை உடுப்பில் குழந்தை அவள் கையில் நெளிந்தது. லீலாபாய் கண்ணை மூடிக்கொண்டாள். 'பாக்க வேண்டாம். தண்ணீர் பட்டு அவன் அழுகிற சத்தம் கேட்டால் போதும். என் நேர்ச்சை தீரும்...'

அழுகைச் சத்தம் வரவில்லை. சபையில் ஒரு சலசலப்பு வந்தது. கண்ணைத் திறந்தாள்.

ஷிஜா நின்றுகொண்டிருந்தாள்! அவள் அம்மாவின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, சபை நடுவே கடைசிப் பெஞ்சு வரைக்கும் நடந்து வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வீடியோக்காரப் பையன் என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவோடு ஓடி வந்தான்.

"மாமி, எழும்புங்க. கொச்சை ஏந்துங்க."

"பிள்ளே... என்னது இது? எல்லாரும் பாக்காவ... வீடியோ..."

"எடுக்கட்டும். நல்லா எடுக்கட்டும்!" ஷிஜாவின் கண்ணிலிருந்து பொலபொல என்று கொட்டியது. "இனி உச்சைக்குச் சோறு வராதேண்ணு சுகிர்தபாய் அம்மை வருத்தப்பட்டாவ மாமி. 'லீலாவுக்க உபவாசம் நாளையோட தீருமே'ண்ணு சொன்னாவ. எனக்குத் தெரியும்ணு நினைச்சு ஆக்கும் சொன்னாவ! ராத்திரி பூரா சொல்லணும் சொல்லணும்ணு கிடந்தேன். உங்க முகத்தைப் பாக்க தைரியம் வரல்ல. எனக்காகவா மாமி? எனக்க வயித்துக்காகவா நீங்க உங்க வயித்தைக் காயப்போட்டிய? அந்தக் கழுத்தையா நான் நாணக்கேடுண்ணு சொன்னேன்? நான் தின்ன சோறு எனக்கு இறங்குமா இனி..."

"சத்தம் போடாதே மக்களே... சொல்லக்கூடாது... சொன்னா பலன் போயிரும்..."

"பலன் இந்தா கையில இருக்கு மாமி! எங்க போவும்?"

ஷிஜா முக்காட்டை மெல்ல விலக்கினாள். கழுத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்துத் தோளில் போட்டாள். குழந்தையை லீலாபாயின் கையில் வைத்தாள். வைத்ததும் அது என்ன செய்தது தெரியுமா? தன் பழைய இடத்தைத் தேடி, பாட்டியின் கழுத்துத் தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. லீலாபாய் விம்மினாள். மருமகள் மாமியையும் பிள்ளையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தேம்பினாள். முன்னால் சாராம்மா, "போங்க, நீங்கதான் ஏந்தணும்," என்று கையைக் காட்டியபடி கண்ணைத் துடைத்தாள். அச்சன் அவசரப்படுத்தவில்லை, புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

லீலாபாய் நடந்தாள். பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. தொட்டியருகே போய்க் குழந்தையை அச்சன் கையில் கொடுத்தாள். தண்ணீர் பட்டதும் பேரன் கூரை கிழிய அழுதான்.

சபையின் கூடத்தில் பந்தி போட்டார்கள். பரிமாறப் போன லீலாபாயை ஷிஜா பிடித்து இழுத்து நடுவில் உட்கார வைத்தாள். சஜின் இலையைக் கொண்டுவந்து விரித்தான். விரித்தவன் நிமிரவில்லை.

"அம்மா... நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். உங்களுக்காக நான் பேசல்லியே..."

"எலே, அழுகை எல்லாம் பெறகு. போய்ச் சோறு விளம்பு. ஆளுவ பசியோட இருக்காவ," என்றாள் லீலாபாய்.

பிறகு ஷிஜாவின் காதருகே குனிந்தாள். மனதில் கிடந்த முள்ளை எடுத்துவிட வேண்டும். "பிள்ளே, ஒண்ணு சொல்லணும். அந்தக் கிரீம்... அது உபவாசத்துக்கு இல்ல. வீடியோவில நல்லா இருக்கணும்ணு ஆசைப்பட்டு எடுத்தேன். அது உள்ளதாக்கும்."

ஷிஜா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "ஆசைப்பட்டா என்ன மாமி? நாளையில இருந்து நானே பூசி விடுதேன். நீங்க சும்மா சும்மா கழுவி, கீழோட்டு இழுத்துத் தேய்க்காண்டாம். வெயில் படாமப் பாக்கணும், மடிப்பில ஈரம் நிக்கப்படாது. முட்டையும் பயறும் மீனும் தின்னணும். டாக்டர்ட்ட இப்பத்தான் கேட்டேன். கொஞ்சம் சரியாவும், முழுசும் பழையபடி வராதுண்ணு சொன்னாவ."

"வராதாக்குமா?"

"வராண்டாம் மாமி. கொச்சுக்குப் பிடிச்சுத் தூங்க என்ன உண்டு பெறகு?"

சோறு வந்தது. பருப்பும் நெய்யும் வந்தது. ஷிஜா தன் கையால் பிசைந்து ஒரு உருண்டை எடுத்து நீட்டினாள். எதிர்ப்பந்தியில் கிளினிக் ஆட்கள் இருந்தார்கள், டாக்டர் இருந்தார், கேமரா இருந்தது. லீலாபாயின் கை பழக்கத்தில் முந்தானையைத் தேடிக் கழுத்துக்குப் போனது. பாதி வழியில் நின்றது. கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

வாயைத் திறந்து வாங்கினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு முதல் வாய் உச்சிச் சோறு. முகத்தை நிமிர்த்தி விழுங்கினாள். அந்தத் தொங்கிய கழுத்து ஏறி இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னொரு உருண்டை தா மக்களே," என்றாள்.