அரை அங்குலம் விட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வந்தபோதுதான் தையல்காரி அதைப் பார்த்தாள். முன்னறைச் சுவரில் மாட்டிய அட்டைப் பலகையில் இருந்த அவள் புகைப்படத்தைச் சுற்றி யாரோ நீலச் சாக்கட்டியால் கோடு இழுத்திருந்தார்கள்.

பலகை தங்கையின் யோசனை. "மனசுல இருக்கற ஆசையெல்லாம் படமா வெட்டி ஒட்டி வையேன்க்கா. தினம் கண்ணுல பட்டா தானா நடக்கும்" என்றாள். தானாக எதுவும் நடந்து இவள் பார்த்ததில்லை. ஆனாலும் ஒட்டினாள். கண்ணாடிக் கதவு வைத்த ஒரு கடை, ஒரு கடற்கரை, சிவப்பு ஸ்கூட்டர். நடுவில் உருவத்தின் ஓரமாக வெட்டிய அவள் படம். கடை மட்டும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சாயங்காலம் தங்கை வண்டியோடு வருவாள்; இருவரும் போய்ச் சாவி வாங்க வேண்டும். இவள் பெயரில் கடை.

கோடு படத்தைத் தொடவில்லை. தையலுக்குத் துணி விடுவதுபோல் சுற்றிலும் சீராக அரை அங்குலம் தள்ளி ஓடியது. அந்தக் கை இவளுக்குத் தெரியும். கல்யாணமான நாள் முதல் அந்தக் கோட்டுக்குள்தான் தைத்துவந்தாள். "வெட்டுறது நான், தைக்கிறது நீ" என்பார் கணவர். கத்தரிக்கோலைத் தொடவிட்டதில்லை. தனிக்கடை என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னதற்கு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. நீலச் சாக்கட்டியும் சட்டைப் பையில் இருந்தபடியே அவரோடு போய்விட்டது. இவளிடம் இருப்பது வெள்ளை மட்டும்.

ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

"நேத்து வந்தப்ப பலகையில கோடு ஏதாவது போட்டியாடி?"

"நான் எதுக்குக்கா போடப்போறேன்? நீ கிளம்பி இரு, வந்துடறேன்."

சாயங்காலம் புடவை மாற்ற உள்ளறைக்குப் போனாள். மின்சாரம் போய், மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றதும், தெருவில் ஓடிய வண்டிச் சத்தமெல்லாம் யாரோ கதவைச் சாத்தியதுபோல் அடங்கி, இஸ்திரிச் சூட்டில் வேகும் துணியின் வாசனையும் இயந்திர எண்ணெயின் வாசனையும் முன்னறையிலிருந்து மெல்ல நகர்ந்து வந்தன. இஸ்திரிப் பெட்டியை அவள் இரண்டு நாளாகத் தொடவில்லை. பிறகு அந்தச் சத்தம். துணி வெட்டும் மேசைமேல் கனமான கத்தரிக்கோலின் கீழ் அலகு உரசிப் போகும் சத்தம். நிதானமாக. வளைவில் கொஞ்சம் நின்று. மறுபடியும்.

ஓடிவந்தாள். முன்னறையில் யாரும் இல்லை.

பலகையில் கடை இருந்தது. கடல் இருந்தது. ஸ்கூட்டர் இருந்தது. நடுவில் அவள் உருவத்துக்கு ஒரு ஓட்டை.

பயத்தோடேயே கோபம் வந்தது, இத்தனை வருடக் கோபம்.

"இருந்தும் கெடுத்தே. இப்பச் செத்தும் கெடுக்க வந்தியா?" என்றாள். உயிரோடு இருந்தவரை அவனை ஒருநாளும் ‘நீ’ என்று சொன்னதில்லை. சொன்னபின் மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது.

மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு புகைப்படம் எடுத்தாள். இந்த முறை நடுவில் வைக்கவில்லை. கடைக் கதவின் மேலேயே வைத்துக் குண்டூசியை அழுத்திக் குத்தினாள்.

"வெட்டு. இன்னும் ஒரு கட்டு போட்டோ இருக்கு என்கிட்ட."

வாசலில் தங்கை வண்டியின் ஹாரன். தானே காசு போட்டு வாங்கிய கத்தரிக்கோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

எதிரே, உடுப்பு போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி. அதில் அவள்.

அவளைச் சுற்றி நீலக் கோடு. தலை, தோள், இடுப்பு, பாதம். அரை அங்குலம் விட்டு.

வலப்பக்கம் சாய்ந்தாள். கோடும் சாய்ந்தது.

பாதத்தருகே கண்ணாடிக்குள் கத்தரிக்கோல் வாய் திறந்தது. பிடித்திருந்தது இடதுகை. அவன் இடதுகைக்காரன்.

மீண்டும் ஹாரன்.

"வெட்டிக்கோ" என்றாள். "நான் போறேன்."

வாசலை நோக்கிக் காலை எடுத்து வைத்தாள். கண்ணாடியில் இருந்தவளின் கால் எழவில்லை.