நிழல்னு போடு

முதல் கம்பத்தைத் தாண்டியும் விளக்கு எரியவில்லை. ஆள் வந்தால் பளிச்சென்று எரிந்து, போனதும் மங்கிவிடும் விளக்குகள் அவை. நகரக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவற்றைப் பழக்கியவளே அவள்தான். "என்னடா, என்னையே தெரியலையா?" என்று கம்பத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டு, வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

மழை விட்ட அந்தி. ஈரத் தாரின் வாசனை, எங்கோ சாக்கடை மூடிக்கடியில் தண்ணீர் இறங்கும் சத்தம். எதிரே வந்தவருக்கு ஒவ்வொரு விளக்காக எரிந்தது. அவர் அவளைக் கடந்ததும் மறுபடி இருட்டு. மருந்துக்கடையின் தானியங்கிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. கையை ஆட்டிப் பார்த்தாள். ஊஹூம்.

அவர்கள் அறையில் ஒரு பேச்சு உண்டு: 'நிழல்னு போடு.' காற்றில் ஆடும் கிளையை ஆளென்று எண்ணி விளக்கு எரியும், ஓட்டுநரில்லாத பேருந்து நின்றுவிடும். திரையில் அதைத் தொட்டு நிழல் என்று குறித்துவிட்டால் போதும், அப்புறம் ஊரே அதைக் கண்டுகொள்ளாது. கம்பங்களிலும் பேருந்துகளிலும் இருக்கும் கருவிகள் ஆட்களை நடையை வைத்து அடையாளம் காணும். கணவனுக்கும், அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்த தங்கைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

கணவனை அழைத்தாள்.

"ஏங்க, தெரியாம என் நடையை நிழல்னு போட்டுட்டீங்களா?"

"சேச்சே! மழையில கருவி நனைஞ்சிருக்கும். நீ ரோட்டைத் தாண்டி வீட்டுக்குப் போ. பஸ் வந்தா தானா நிக்கும்."

"பயமா இருக்குங்க."

"அட, நான் திரையில உன்னைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். நட."

அந்தக் குரலை நம்பித்தான் பெற்றவர்களை எதிர்த்துக்கொண்டு அவனைக் கட்டிக்கொண்டாள். போனைக் காதில் வைத்தபடியே சாலையில் இறங்கினாள். வலது கால் இன்றைக்கென்று அதிகமாக வலித்தது.

பாதி தூரம். வளைவில் பேருந்தின் வெளிச்சம் திரும்பியது.

"ஏங்க, பஸ் வருது."

அவனருகே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவளுடைய நாற்காலி. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா?

"அத்தான்," என்றது தங்கையின் குரல், மெதுவாக. "நிழல் நடுரோட்டுக்கு வந்துடுச்சு."

"ம்," என்றான் அவன்.

பாவிகளா. கூடப் பிறந்தவளாடி நீ? கத்த நினைத்தாள். ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. கையை ஆட்டினாள்.

வேகம் குறையவில்லை. முன்கண்ணாடிக்குப் பின்னால் காலி இருக்கை. அதற்கும் பின்னால் தலை குனிந்து போன் பார்க்கும் முகங்கள். தெரு நெடுக ஒரு விளக்குகூட எரியவில்லை. போனில் நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வதுபோல.