கத்தி வழுக்கிய குழி

காலை பத்து மணிக்குக் கடைத்தெருவில் பட்டறை முதலாளியின் தலையில் இடி விழுந்தது. ஜாடி மூடியைத் திறக்கும் கருவி ஒன்றை ஒன்றரை வருடம் மண்டையை உடைத்து உருவாக்கியிருந்தார். அடுத்த மாதம் விற்பனைக்கு வரவேண்டியது. அதே கருவி இப்போது போட்டிக் கம்பெனியின் பெயரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல்லை இளித்துக்கொண்டிருந்தது!

பட்டறையில் அந்தக் கருவியை வார்க்க அச்சு செய்தவர் ஒரே ஆள்தான். முதலாளி யோசிக்கவேயில்லை. எல்லாருக்கும் முன்னால் அந்தப் பெரியவரின் பையைத் தரையில் கொட்டினார். சோற்று டப்பாவும் கண்ணாடிக் கூடும் உருண்டன. "நாளையிலேர்ந்து வரவேண்டாம்" என்றார். அச்சுக்காரர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

மாலையில் அக்கா வந்தாள். குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். தம்பி என்றும் பார்க்கமாட்டாள். கடையில் வாங்கிய கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கைப்பிடி ஓரத்துல இந்தச் சின்னக் குழி எதுக்குடா?"

"எதுக்கும் இல்லக்கா. வீட்டுல மரத்துல மாதிரி செதுக்கும்போது கத்தி வழுக்கிடுச்சு. வரைபடத்துல அதை நான் போடல."

"அச்சுக்காரர் எதைப் பார்த்து அச்சு செஞ்சார்?"

"வரைபடத்தை."

"மர மாதிரியைப் பார்த்திருக்காரா?"

"இல்ல. அது பட்டறைக்கே வந்ததில்ல."

சொல்லி முடிக்குமுன்பே முதலாளிக்குப் புரிந்துவிட்டது, அந்தக் குழி அச்சுக்காரர் வழியாகப் போயிருக்கவே முடியாது.

"அப்போ வீட்டை விட்டு வெளியே எங்க போச்சு?"

"எங்கயும் போகல."

"கலரை எப்படி முடிவு பண்ணினே?"

அட கடவுளே! எந்தச் சாயம் எடுப்பாக இருக்கும் என்று கேட்டு, சாயப்பொடி விற்கும் நண்பனிடம் அந்த மரத்துண்டைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கலர் பார்க்கக் கொடுப்பதை வெளியாளிடம் காட்டுவதாக யாரும் நினைப்பதில்லை.

"போட்டிக் கம்பெனிக்கு யார் யார் சரக்கு குடுக்கிறாங்கன்னு விசாரிச்சேன். உன் சிநேகிதன் அங்கயும் பொடி விக்கிறான். இங்க வர்றதுக்கு முன்னாடியே அவனைப் பிடிச்சு உலுக்கிட்டேன், ஒத்துக்கிட்டான். மாதிரி கைமாறினதை மட்டும் சொன்னான். அந்தக் குழி எப்படி வந்துச்சுன்னு உங்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் அக்கா. "வக்கீல்கிட்டயும் பேசிட்டேன். மூடியைத் திறக்கிற வேலைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாதாம். வடிவத்துக்குத்தான் உரிமை. அந்தக் குழியால ஒரு வேலையும் நடக்காது. அதையும் சேர்த்துப் போட்டிருக்கான்னா, பார்த்துக் காப்பியடிச்சிருக்கான். கேஸ் நிக்கும், நீ ஜெயிப்பே."

ஜெயிக்கிற சந்தோஷம் கொஞ்சம்கூட வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றே முதலாளி அச்சுக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"தப்பு என்மேலதாண்ணே. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன். வேலைக்கு வந்துடுங்கண்ணே."

அச்சுக்காரர் அவரை நேராகப் பார்த்தார்.

"வர்றேன் சார். பொண்ணு படிக்குது, வராம எங்க போறது? ஆனா இந்த 'அண்ணே' மட்டும் இனிமே வேண்டாம்."

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. முதலாளி நிமிர்ந்து பார்க்கவில்லை.