ஊதுலை வாசலில் ஓர் ஆணி

"ஐயோ... எலும்புக்கூடு!"

ஊதுலையின் இருண்ட வயிற்றுக்குள்ளிருந்து வந்தது அலறல்.

வெளியே நின்ற மார்த்தா அசையவில்லை.

"அலறாதேங்கோ முதலாளி. எலும்பு கடிக்காது."

"ஆ... ஆரிது?"

"என்ர மனுசன் யோசேப்."

தலைமன்னார் வீதி இரும்பாலை. சண்டை தொடங்கியதும் பூட்டினார்கள். பிறகு ஆமிப் படை வந்து, உலை வாசலிலேயே மண்மூட்டை அடுக்கிக் குந்தியிருந்தது. இப்போது 2003. சமாதானமாம்! ஆமி எழும்பிப் போக, ஆலையில் கல் சுமந்த மார்த்தா காவல்காரியானாள். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அவள்தான்.

இன்றைக்கு வந்தவர் சின்னத்தம்பி முதலாளி. கொழும்பில் பழைய இரும்பு வியாபாரம். தங்க ஃப்ரேம் கண்ணாடி, தாடி, நெற்றி நிறைய விபூதி.

இடுப்பளவு கதவு வழியே தலையை மட்டும் நீட்டினார்.

"பொலிசுக்கெல்லாம் சொல்லாதை தங்கச்சி. வீண் அலைச்சல். உலையை எனக்குத் தா, எலும்பை நானே மரியாதையா அடக்கம் செய்விக்கிறன்."

"நல்ல மனசு! தண்டவாளத்தைச் சண்டை பிடிச்ச ரெண்டு பகுதியும் பங்கர் குழி மூடக் கிளப்பிக்கொண்டு போட்டினம். கூரைத்தகரம் கேட்டு எத்தினையோ பேர் வந்தவை. உலைதான் வேணுமெண்டு வந்தது நீங்கள் மட்டுந்தான்."

"நல்ல இரும்பெல்லோ..."

"முந்தி இஞ்சை வந்தனீங்களோ?"

"மன்னார்ப் பாலமே இண்டைக்குத்தான் தாண்டினனான்! முருகனாணை!"

"அப்ப, உள்ளுக்குக் குனிய முன்னம் இந்தச் சுவரைத் தொட்டு, ஏன் விரலை உதட்டிலை வைச்சுக் கொஞ்சினனீங்கள்?"

சின்னத்தம்பி சுவரைப் பார்த்தார்.

வெறும் சுவர்! ஓர் ஆணி மட்டும்!

"அதிலை அந்தோனியார் படம் கொளுவியிருந்தது. சைவமோ கிறிஸ்தவ வேதமோ, தொட்டுக் கொஞ்சாமல் ஒரு தொழிலாளியும் உலைக்குள்ளை இறங்கமாட்டான். நெத்திக்கு விபூதி பூசிப்போட்டாய்... கைக்கு ஆர் பூசிறது, ஆலைக் கங்காணி யாகப்பர்?"

முகம் வெளிறியது... பிறகு சிரித்தது.

"கெட்டிக்காரி! ஆலை மோட்டரை நான் கழட்டி வித்ததை உன்ர மனுசன் கண்டிட்டான். உலை கூட்ட இறங்கினவனை உள்ளுக்கை வைச்சுக் கதவைச் சாத்தினனான். கத்தினவன்தான்... வெடிச்சத்தத்திலை ஆருக்குக் கேட்டது?"

"ஆரோ பொம்பிளையோட ராமேஸ்வரம் ஓடிட்டாரெண்டு கதை கட்டினதும் நீதான். இத்தினை வருசமா நான் செத்த மனுசனை ஏசிக்கொண்டு திரிஞ்சனான்!"

"இனி நேரிலை போய் மன்னிப்புக் கேள்!"

யாகப்பர் பாய்ந்தான்.

டங்!

கல் சுமந்த கைகள் கதவை அறைந்து சாத்தின. தாழ் விழுந்தது.

"திறவடி! இந்தப் பிணத்தோட என்னை வைச்சு..."

"பயப்பிடாதை. யோசேப்பைப் போன கிழமையே பாதர் சேமக்காலையிலை அடக்கம் செய்திட்டார். எலும்பை மறைக்க நீ வருவாயெண்டுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அப்ப... இது?!"

"கோட்டைப் பக்கம் வெயிலிலை காஞ்சு கிடந்த கழுதை. சொந்தக்காரரோட கதைச்சுக்கொண்டிரு... பொலிசோடை வாறன்!"